பத்து நிமிட வட்டம்

காலை மணி அடித்ததும் மெஷினில் உட்கார வேண்டியவர்கள், கொஞ்ச நாளாக, மெஷினை விட்டுத் தள்ளி வட்டமாக நின்றார்கள். ஆம்பூரில் பைபாஸ் ஓரமாக இருந்த அந்த ஷூ கம்பெனியின் மூன்றாவது லைனில் எல்லாருமே பெண்கள். ஷூவின் மேல்பாகத்தைப் பசை போட்டு ஒட்டி, மடித்து, தைத்து அனுப்புவது அவர்கள் வேலை. சூப்பர்வைசர் ரஃபத் ஜஹான் வட்டத்துக்கு நடுவே வந்து நின்று எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள்.

"சொல்லுங்கம்மா. இன்னா கஷ்டம் இருந்தாலும் சொல்லலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஒருத்தி துப்பட்டாவைச் சரிசெய்வாள். ஒருத்தி விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருப்பாள். கடைசியில் யாராவது, "எல்லாம் நல்லாத்தான்க்கா போவுது" என்று முடித்துவைப்பார்கள். மீதி நேரம் ஃபேன் சத்தத்திலேயே கழியும்.

இந்த வட்டத்தைக் கொண்டுவந்தவள் அக்சா. வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் சின்னப் பெண்; ஹெச்ஆரில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, பயமில்லாமல் பேசுகிற இடத்தில்தான் வேலையும் நன்றாக நடக்கும், தினமும் பேசிப் பழகினால்தான் பயம் போகும் என்றாள். ரஃபத்துக்கு அதில் மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் தினம் பத்து நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள் டார்கெட்டில் ஒரு ஜோடியைக்கூடக் குறைக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தைச் சாயங்காலத்துக்குள் எங்கிருந்து எடுப்பது என்று அவளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதைவிடவும் எரிச்சல் கேன்டீனில்தான். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றாவது லைன் மேசையில் பேச்சு கொப்பளித்துக்கொண்டிருக்கும். ரஃபத் தட்டோடு போய் உட்கார்ந்தால் குழம்பில் உப்பு கம்மி என்கிற அளவுக்கு இறங்கி நின்றுவிடும். அவளும் அதே லைனில் தைத்து மேலே வந்தவள்தான்.

ஒருநாள் அந்த வட்டத்தில் அஃப்ஷா வாயைத் திறந்தாள்.

பசை போடும் இடத்தில் நிற்கிறவள். கல்யாணமாகிப் பேரணாம்பட்டிலிருந்து வந்தவள். அன்றைக்கென்று அக்சா புரொடக்‌ஷன் மேனேஜர் தமிழ்வேந்தனையும் கூப்பிட்டு வந்து வட்டத்தில் நிறுத்தியிருந்தாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்த டோக்கனு..." என்றாள் அஃப்ஷா. "லைன் முழுக்க ரெண்டே டோக்கன். என் முறை வர்றதுக்குள்ள அடிவயிறு வலி எடுத்துடுது. அதுக்குப் பயந்து காலையிலேர்ந்து நான் தண்ணியே குடிக்கிறதில்ல. டாக்டர் திட்டுறாரு. நான் மட்டும் இல்ல, நெறைய பேருக்கு இப்படித்தான்."

டோக்கன் என்பது ரஃபத்தின் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சிவப்பு பிளாஸ்டிக் வில்லை. அதை எடுத்துக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போக வேண்டும். போனவள் வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம்.

தமிழ்வேந்தன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "கம்பெனிக்கு வர்றது வேலை செய்யவாம்மா, பாத்ரூம் போவவா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பின்னால் நின்ற ஒன்றிரண்டு பேரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கிறாரே என்று ரஃபத்தின் உதடும் தன்னால் விரிந்தது. அக்சா அவசரமாகக் கைதட்டி, "ஷேர் பண்ணதுக்கு தேங்க்ஸ் அஃப்ஷா" என்று வட்டத்தைக் கலைத்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் அஃப்ஷாவை சோல் ஒட்டும் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தகரக் கூரை, உள்ளே ஹீட்டர் காந்தும், தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது. ரஃபத் மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"அங்க ஆள் பத்தல ரஃபத், மாத்தினேன். இதுல இன்னா இருக்குது?"

"எல்லாரும் வேற மாதிரி நெனைப்பாங்க சார். அது பேசினதுக்குத்தான்னு..."

"நெனைச்சா நெனைக்கட்டும். உன் லைன்ல வாய் ஜாஸ்தி. டார்கெட்டைப் பாரு."

ரஃபத் நேரே அக்சாவின் மேசைக்குப் போனாள். அங்கே சுவரில் மஞ்சள் நிறத்தில் சிரிக்கும் முகங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.

"மேடம், அந்த வட்டத்தை நிறுத்திடுங்க."

"நிறுத்தவே கூடாது ரஃபத் மேடம். தினமும் விடாம பண்ணாதான்..."

"தினமும் பண்ணி? பேசினா இன்னா ஆவும்னு எல்லாரும் பாத்துட்டாங்க. இனிமே தெனம் வட்டமா நிக்க வெச்சா, தெனம் அதைத்தானே ஞாபகப்படுத்துறோம்?"

அக்சாவின் கையில் ஒரு மஞ்சள் முகம் பசையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "நானும் சார்கிட்ட கேட்டேன்" என்றாள் மெதுவாக. "உன் வேலை இன்னும் பர்மனென்ட் ஆகல, ஞாபகம் இருக்கான்னு கேட்டாரு."

ரஃபத்துக்குப் பரிதாபம் வரவில்லை. எரிச்சல்தான் இன்னும் ஏறியது. பயமில்லாமல் பேசச் சொல்லிக்கொடுக்க வந்தவளே பயந்துகொண்டு நிற்கிறாள் என்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

கொஞ்ச நாளில் அஃப்ஷா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ரஃபத் போன் போட்டாள். பேரணாம்பட்டுப் பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகவும், அம்மா வீட்டில் இருப்பதாகவும் உருதுவில் சொன்னாள் அஃப்ஷா. குரலில் சூடு ஒன்றும் இல்லை.

"என் மேல கோவமா?"

"இல்லக்கா. மேனேஜர் அப்படித்தான் பேசுவார்னு தெரியும். நீங்களும் சிரிச்சீங்கல்ல, அதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

சிரிக்கவில்லை என்று சொல்ல ரஃபத் வாயெடுத்தாள். நிறைய தண்ணி குடி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் வட்டம் கூடியதும் அவள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"இன்னிக்கு நீங்க யாரும் பேச வேணாம். நான் பேசுறேன். அஃப்ஷா சொன்னது நெசம். எனக்கும் தெரியும். நான் மெஷின்ல உக்காந்திருந்தப்போ நானும் தண்ணி குடிக்காம இருந்தவதான். ஆனா அன்னிக்கு சார் முன்னாடி எனக்குப் பயமாயிடுச்சு. இப்பவும் பயமாத்தான் இருக்குது." அவள் போய் ஆணியிலிருந்து இரண்டு டோக்கன்களையும் கழற்றி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள். "நம்ம லைன்ல இனிமே இது கிடையாது. போவணும்னா எழுந்து போங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

யாரும் கைதட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெஷினுக்குப் போனார்கள். பகல் சாப்பாடு வரைக்கும் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் தமிழ்வேந்தன் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டார். "யார் சொல்லி எடுத்த?"

"நான்தான் சார் எடுத்தேன்."

"யாரு கேட்டாங்க? பேரைச் சொல்லு."

"லைன்ல இருக்கிற எல்லாருக்கும் வேணும் சார். பேர் கேட்டீங்கன்னா என் பேரை வெச்சுக்கங்க."

மெஷின்களின் சத்தம் குறைந்துபோனது. காலால் மிதிப்பதை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்திருந்தார்கள். வாசலில் நின்றிருந்த அக்சா உள்ளே வந்தாள். "சார், ஷூ வாங்குற கம்பெனிலேர்ந்து ஆடிட்டுக்கு வர்றவங்களும் இதைத்தான் கேப்பாங்க" என்றாள். சொல்லிவிட்டு நகராமல் நின்றாள்.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த மாசம் விடுறேன். டார்கெட் கொறைஞ்சிதுன்னா டோக்கனும் வரும், உன் எடத்துக்கு வேற ஆளும் வருவாங்க" என்று ரஃபத்திடம் சொல்லிவிட்டுப் போனார். மற்ற லைன்களில் டோக்கன்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

இனியாவது வட்டத்தில் பேச்சு வரும் என்று ரஃபத் நம்பினாள். வரவில்லை. அவள் தினமும் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொன்னாள்: நேற்று கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன், புது டிசைன் எனக்கே புரியவில்லை என்று. அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள், கலைந்து போனார்கள். சுவரோடு பேசுவது போலிருந்தது. டார்கெட் வேறு இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் நின்று விரட்டாமல் நாள் ஓடவில்லை.

ஒரு சனிக்கிழமை, லைனிலேயே மூத்தவளான ஹலீமா பீ தொண்டையைச் செருமினாள். தையலில் அவளைத் தாண்டி ஆள் கிடையாது. ஆனால் வட்டத்தில் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நான் ஒண்ணு சொல்லலாமா? கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க ஹலீமாக்கா." ரஃபத் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நீங்க பின்னாடி வந்து நின்னு கத்துறீங்கல்ல, அப்போ எனக்குக் கை நடுங்குது. தையல் கோணலாப் போயிடுது. அதுக்கும் நீங்களே கத்துறீங்க. போன வாரம் எல்லார் முன்னாடியும், கையா அது மரக்கட்டையான்னு கேட்டீங்க. வீட்டுக்குப் போயி சோறு எறங்கல."

"எனக்கும்க்கா" என்றாள் பக்கத்தில் நின்றவள். "நீங்க வர்ற செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு ஊசி கைல ஏறிடும்னு பயம்." இன்னொருத்தி, "சார் கத்தினா வெளி ஆளுன்னு விட்டுடலாம். நீங்க எங்கள்ல ஒருத்தி" என்றாள்.

ரஃபத்துக்கு முகம் கொதித்தது. உங்களுக்காக என் வேலையையே பணயம் வைத்தேனே, கடைசியில் என்னையா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இதற்காகவா இத்தனை நாள் கெஞ்சினேன்? ஹலீமா பீ கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். புர்காவின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன. இப்போது ஒரு சொல் தப்பாக விழுந்தால் இந்த வாய் இனி எந்த ஜென்மத்திலும் திறக்காது என்று ரஃபத்துக்குத் தெரிந்தது.

"மரக்கட்டைன்னு சொன்னது தப்புதான் ஹலீமாக்கா" என்றாள். குரல் முரட்டுத்தனமாகத்தான் வந்தது. "அப்புறம்? வேற யாருக்கு இன்னா இருக்குது?"

இருந்தது. நிறையவே இருந்தது. பத்து நிமிடம் தாண்டியும் வட்டம் கலையவில்லை. பக்கத்து லைன் ஓடத் தொடங்கிவிட்டது. தமிழ்வேந்தன் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ரஃபத் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

அன்றைக்கு ஜோடிகள் குறைந்துபோயின. மத்தியானம் லைன் நடுவே வந்து நின்றபோது அவளுக்குக் கோபம் இன்னும் முழுசாக இறங்கியிருக்கவில்லை. கத்தாமல் இந்தக் குறைச்சலை எப்படிச் சரிக்கட்டுவது என்றும் விளங்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஹலீமா பீக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள். "நான் எங்க நிக்கட்டும்?"