தனி லைன்

பெரிய மாமா வெந்நீர் பாய்லரின் சுவிட்சைத் தட்டினார். ஹாலில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது. சாவு வீடானாலும் மாமாவுக்குக் கையில் சூடாக ஏதாவது இருந்தாக வேண்டும். "நான் ஒண்ணும் பண்ணலைப்பா," என்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

பெட்டியில் கிடத்தியிருந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள். சுவிட்சைப் போட்டதும் பிரேக்கரை விழவைக்கிற ஹீட்டர்களோடும் வாஷிங் மெஷின்களோடும் பதினெட்டு வருஷமாக மாரடித்து, ரிப்பேர் பார்த்துப் பிழைப்பவள். யாரும் சொல்லாமலே கால்கள் வாசற்பக்கம் இருந்த பிரேக்கர் போர்டுக்குப் போய்விட்டன.

ஐந்து பிரேக்கர்களில் நாலாவது விழுந்திருந்தது. பழைய வீடு. ஹால், அம்மாவின் அறை ஏசி, குளியலறை ஹீட்டர் எல்லாம் அந்த ஒன்றின் தலையில். பாய்லரையும் சேர்த்தால் விழத்தான் செய்யும். ஐந்தாவது மட்டும் நிமிர்ந்து நின்றது. அதன்மேல் அவள் தம்பியின் குண்டு எழுத்தில் 'அம்மா மெஷின்' என்று ஒரு சீட்டு.

ஆறு மாதம் முன்பு அம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தபோது, அதோடு ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் நாலாவது விழுந்தது. மெஷினுக்கு மட்டும் தனி லைன் இழுக்கச் சொன்னாள் மகள். தம்பி வயரிங் கான்ட்ராக்டர். ஒரே நாளில் முடித்துவிட்டான். அவள் டெஸ்டரை எடுத்தபோது அவன் முகம் சுண்டிப்போனது. "என் வேலையையே செக் பண்ணப் போறியாக்கா?" ஊரில் எவர் சொன்னாலும் நம்பாமல் டெஸ்டர் வைத்துப் பார்க்கிறவள், அன்று அதைப் பேசாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இப்போது லோடைக் குறைக்க ஏசியை அணைத்துவைக்கலாமென்று அம்மாவின் அறைக்குப் போனாள். மெஷின் பிளக்கின் மேலிருந்த சிவப்பு விளக்கு எரியவில்லை.

அது எரிந்திருக்க வேண்டும். விழுந்தது நாலாவதுதானே.

மறுபடி போர்டுக்குப் போனாள். பாய்லரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு நாலாவதை ஏற்றி, ஐந்தாவதை இறக்கினாள். அறைக்கு வந்து பார்த்தால் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. திரும்பப் போய் நாலாவதை இறக்கிவிட்டு வந்தாள். அணைந்திருந்தது. டெஸ்டரின் முனையாலேயே பிளக் பலகையின் இரண்டு ஸ்க்ரூக்களையும் கழற்றினாள். உள்ளே சாண் நீளத்துக்கு ஒயர். பக்கத்திலிருந்த பழைய பிளக்கிலிருந்து எடுத்து ஒட்டுப்போட்டிருந்தான் தம்பி. ஐந்தாவது பிரேக்கர் வெறும் பொம்மை.

நேற்றுக் காலை அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண், ஏசியும் ஓடிக்கொண்டிருக்க, குளிப்பாட்ட ஹீட்டரைப் போட்டுவிட்டு மாடிக்குத் துணி காயவைக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து அவள் போட்ட கூச்சலில் முதலில் ஓடி வந்தவன் தம்பி. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, குழாய்தான் மூக்கிலிருந்து கழன்று கிடந்தது, அந்தப் பெண் கவனிக்கவில்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "மெஷின் நின்னிருந்துச்சுக்கா," என்று அந்தப் பெண் அழுதாள். "அது தனி லைன்மா, நிக்காது," என்று அவளை வாயடைக்க வைத்தது வேறு யாருமில்லை, இந்த மகள்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஹீட்டரைத் தைரியமாகப் போடு என்று சொல்லிக்கொடுத்ததும் இவள்தான். அம்மா போன துக்கத்துக்குக்கூட அந்த நினைப்பு இடம் விடவில்லை.

"அக்கா, தூக்கப் போறாங்க, வா," என்றபடி தம்பி உள்ளே வந்தான். தொங்கிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தான்.

"நேத்து நாலாவது விழுந்து கிடந்துச்சா?"

அவன் கதவைச் சாத்தினான்.

"நீதானே ஏத்திவிட்ட?"

"புது டைல்ஸை உடைக்கணுமேன்னு பார்த்தேன்க்கா. அப்புறமா இழுத்துக்கலாம்னு..."

"சீட்டை மட்டும் ஒட்டிட்ட."

"அம்மா எப்படியும்... டாக்டரே சொன்னாருல்ல."

"அந்தப் பொண்ணு?"

"அவ நாளைக்கு வேற வீட்டுக்குப் போயிடுவா. நான் இந்த ஊர்லயேதான் தொழில் பண்ணணும். யார்கிட்டயும் சொல்லாதக்கா."

சின்ன வயதில் இவன் உடைத்த சாமான்களுக்கெல்லாம் பழியை ஏற்றுக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கியவள் அவள். அன்று கெஞ்சிய குரல் அப்படியே இருந்தது. அவன் கையைப் பிடித்து இரண்டு ஸ்க்ரூக்களையும் உள்ளங்கையில் வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு வந்தாள்.

அந்தப் பெண் பின்வாசல் ஓரம் சுவரோடு சுவராக ஒண்டியிருந்தாள். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. மகள் போய் உட்கார்ந்தாள்.

"மெஷின் நின்னுதான் இருந்துச்சு," என்றாள், ஹாலில் எல்லோருக்கும் கேட்கும்படி. "நீ சொன்னதுதான் நிஜம். தனி லைன்னு ஒண்ணு இந்த வீட்லயே இல்ல. நான்தான் பார்க்காம விட்டுட்டேன்."

மாமா பாய்லரைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

பெட்டியைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். தலைமாட்டில் இடப்பக்கம் தம்பி. "ரெண்டு கையாலயும் பிடிப்பா," என்றார் மாமா. அவன் இடது கையால் கைப்பிடியைப் பற்றி, ஸ்க்ரூக்களோடு மூடியிருந்த வலது கையை விரிக்காமல் பெட்டியின் அடியில் முட்டுக்கொடுத்தான். அம்மா அவன் பக்கம் கொஞ்சம் சரிந்தபடி வாசலைத் தாண்டினாள்.