முறிந்த கைக்கு மட்டும்

1977ஆம் ஆண்டுக் குளிர்காலம். மெல்பேர்ன் ஃபுட்ஸ்கிரேயில், வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்த பவளத்தின் கைப்பையை ஒருவன் பறித்தான். அவள் விடவில்லை. அவன் தள்ளியதில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் அவள். பல வாரம் வேலைக்குப் போக முடியவில்லை.

பிடிபட்டவன் கெவின் என்ற இருபத்திரண்டு வயதுக்காரன். குற்றத்தை ஒப்புக்கொண்டான். அவனுக்குத் தண்டனை கிடைப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றே பவளம் கணவர் இந்திரகுமாருடன் நீதிமன்றத்துக்குப் போனாள்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். கெவின் பதினொரு வயதில் சைக்கிள் திருடினான், பிறகு மில்க் பார் என்ற தெருமுனைக் கடையில் சிகரெட் திருடினான், அடைத்துவைத்த சிறுவர் சீர்திருத்த இல்லத்திலிருந்து ஓடினான் என்று அடுக்கினார். "சிறுவயதிலிருந்தே திருந்தாதவன். ஐந்து வருடமாவது உள்ளே இருக்கவேண்டும்."

இடைவேளையில் பவளம் நேரே கெவினின் வழக்கறிஞரிடம் போய், தான் சாட்சி சொல்ல விரும்புவதாகச் சொன்னாள். இந்திரகுமார் பதறிப்போனார்.

"உமக்கென்ன விசரே? கையை முறிச்சவனுக்குப் பரிஞ்சு பேசப் போறீரோ?"

"பரிஞ்சு இல்லையப்பா. கையை முறிச்சதுக்கு அவன் மறியல் வீட்டுக்குப் போகட்டும். சைக்கிள் எடுத்ததுக்கு அப்பவே அடைச்சுப்போட்டினம். என்ர கையைக் காட்டி, அதுக்குத் திரும்பவும் அடைக்கிறதோ?"

அவள் கூண்டில் ஏறியதும் நீதிபதி கேட்டார்: "இவரை மன்னித்துவிட்டீர்களா?"

"இல்லை. இன்றைக்கும் சோற்றுப் பானையைத் தூக்க முடியவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் என் வார்டில் பதினொரு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊசி போடும்போது என் விரலைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வயதில் செய்ததை இன்றைய கணக்கில் சேர்க்காதீர்கள். என் கைக்கு என்ன தண்டனையோ, அதைக் கொடுங்கள்."

சிறுவயதுக் குற்றங்களை ஒதுக்கிவைப்பதாகச் சொல்லி, நீதிபதி இரண்டரை வருடம் விதித்தார். கெவின் அவளைத் திரும்பியும் பார்க்காமல் போனான். அது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் யாரிடமும் குறைசொல்லவில்லை.

பிறகு தமிழர் கூடும் வீடுகளில் யாராவது, "கள்ளனுக்குச் சாட்சி சொன்ன நர்ஸ்" என்று சிரித்தால், இந்திரகுமார் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

"ஓம், என்ர மனிசிதான். கோபம் ஆறாமலே கூண்டில ஏறி நிண்டவள். நான் எண்டால் எழும்பியிருக்க மாட்டன்."