முகம் பார்க்கிறவர்கள்

பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் வலது காலில் வெள்ளை சாக்ஸ் குதிகாலைத் தாண்ட மறுத்தது. சாம்சன் விரலை விட்டு இழுத்துப் பார்த்தான். மஸ்கட்டில் விமானம் ஏறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்துச் சங்கரன்கோவில் வந்து சேர்ந்தவன் இன்னும் சட்டைகூட மாற்றவில்லை.

"விடுண்ணே, நான் மாட்டுதேன்" என்றாள் தங்கை ஜெஸ்லின். அவள் கையிலிருந்த போனுக்குள் பஹ்ரைன் அத்தை அழுதுகொண்டிருந்தாள். "அத்தை, அப்பா முகம் நல்லாத் தெரியுதா?"

உயிரோடு இருந்தபோது அப்பா தங்கப்பழத்தின் முகம் அந்தப் போனில் ஒழுங்காக வந்ததே இல்லை. அவராக எடுத்தால் நெற்றியும் மின்விசிறியும்தான். ஜெஸ்லின் பிடித்துக் கொடுத்தால் முகம் வரும். பார்வை வேறெங்கோ இருக்கும். "தெரியுது, தெரியுது" என்பார். அதோடு சரி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு என்று கடைத்தெருவே கேலி பேசும்.

சாம்சனுக்கு மட்டும் வேறொரு அப்பாவைத் தெரியும். போன வருஷம் கம்பெனி அவனை மலைக்கு அந்தப் பக்கமிருந்த கல்குவாரி கேம்புக்கு அனுப்பியது. டவர் கிடையாது, நெட் கிடையாது. ஆபீசில் ஒரு பழைய போன். வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று பேசலாம். சாம்சன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் பார்க்க ஒன்றும் இல்லாததால் அப்பா சொல்ல ஆரம்பித்தார். குருவிகுளம் பக்கம் மழை ஏமாற்றியது, தன் விதைக் கடைக்கு வரும் சண்முகையா பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறியது, செத்துப்போன அம்மாவை அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போய் பஸ்ஸைத் தவறவிட்டது. அப்பாவுக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சித்திரையில் டவர் வந்தது. அவன் கேம்புக்கே மிட்டாய் கொடுத்தான். அதன்பிறகு தினமும் வீடியோவில் அப்பாவைப் பார்த்தான். பார்த்தாகிவிட்டது, அப்புறம் பேச என்ன இருக்கிறது?

போன வாரம்கூட அப்பா கேட்டார். "ஏலே, படம் வேண்டாம். சும்மா போன்ல பேசேன்."

"முகத்தப் பாத்தாப் போதும்ப்பா. நல்லாத்தான இருக்கிய."

அவன் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான்.

"சும்மா பேசியிருக்கலாம். எனக்கு என்ன கொறஞ்சிரப் போவுது" என்றான் சாம்சன், அப்பாவின் காலைப் பிடித்தபடி.

ஜெஸ்லின் அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள். "அண்ணே, உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாவ. அங்கன டவர் வாரதுக்கு முன்னாலயே அப்பாவுக்குக் கண்ணு போயிட்டு. சுகர். ஆளு வந்தா நெழலாத் தெரியும். போன்ல படம் ஒண்ணுமே தெரியாது."

"தெரியுதுன்னு சொன்னாவளேட்டி!"

"வேலையப் போட்டுட்டு நீ ஓடி வந்துருவேன்னு பயம். நீ ஒண்ணும் பேசாமப் பாத்துக்கிட்டே இருப்பல்லா... 'இருக்கானாட்டி, போயிட்டானா'ன்னு எங்கிட்டக் கேப்பாவ."

சாம்சனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. தினம் தினம் பார்த்திருக்கிறான். அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று கேட்டதில்லை. போன் முன்னால் கூச்சப்படுகிற மனுஷனிடம் போய் என்ன கேட்பது என்று விட்டுவிட்டான்.

கூடத்தில் பாட்டு முடிந்தது. சர்ச் உபதேசியார் பெட்டியருகே வந்தார். "முகம் பாக்கிறவங்க பாத்துக்கிடுங்க. மூடப் போறோம்."

பெண்கள் வரிசையாக வந்து பார்த்து, அழுது, விலகினார்கள். மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். "போய்ப் பாருண்ணே" என்று ஜெஸ்லின் முதுகில் கை வைத்தாள்.

சாம்சன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அப்பாவின் காதருகே வாயைக் கொண்டுபோனான்.

"அப்பா, சாம்சன் பேசுதேன்."

விமானத்தில் தந்த சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்றான். பனவடலிசத்திரம் தாண்டும்போது தூறல் விழுந்தது என்றான். பிறகு கல்குவாரியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். மூடியைத் தூக்கிக்கொண்டு நின்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, அதை மறுபடி சுவரில் சாய்த்து வைத்தார்கள்.