எவாந்தியா வீட்டில் இந்த ஆண்டு கொண்டாட்டம் இல்லை

கிட்டே வாருங்கள், என் செல்லங்களே. ஜன்னலோரம் இருப்பவளும் கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காரட்டும், அங்கே காற்று அதிகம். உயிரோடு இருந்த ஒரு மனிதருக்காக எங்கள் கியோஸ் தீவின் துறைமுகத் தெருவே கறுப்பு உடுத்திக்கொண்டு துக்கம் கேட்கப் போன கதையைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், இதில் யாரும் சாகமாட்டார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

எங்கள் தெருப் படிக்கட்டின் உச்சி வீட்டில் செவாஸ்தியும் அவள் மகள் எவாந்தியாவும் இருந்தார்கள். மகளுக்குப் பதினைந்து வயது. அப்பா பந்தெலிஸுக்குச் சரக்குக் கப்பலில் இயந்திர வேலை. வருஷத்தில் பாதி அவர் கடல்மேல்தான்.

அந்தக் கோடையில் எவாந்தியா அப்பாவுக்கு அனுப்பவென்று ஒரு வீடியோ எடுத்தாள். அவருடைய பழைய கப்பல் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மரக்கரண்டியை மைக் போலப் பிடித்து, அவர் சவரம் செய்யும்போது பாடுகிற பாட்டைச் சமையலறையில் நின்று பாடினாள். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், தொப்பியாலேயே மூக்கைத் துடைத்தாள். படம் பிடித்தவள் அர்கிரோ. காற்றாலைப் பக்கத்து வீட்டுப் பெண். இருவரும் நடக்கப் பழகும் முன்பே ஒன்றாகத் தவழ்ந்தவர்கள்.

வீடியோ அர்கிரோவின் போனில் இருந்தது. அவள் அதை வகுப்புக் குழுவில் போட்டுவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அழகாயிருக்கிறதே, நாலு பேர் இதயம் போடுவார்கள் என்று நினைத்தாள். போட்டார்கள். பிறகு எவனோ ஒருவன் மூக்குத் துடைக்கிற துண்டை மட்டும் வெட்டியெடுத்து, அழுகைக்குப் பதில் ஆட்டின் குரலைச் சேர்த்து வெளியே விட்டான். அது தீவைச் சுற்றியது. அக்கரைக்கும் போனது. எவாந்தியா ரொட்டிக்கடை வாசலில் நின்றால் முதுகுக்குப் பின்னாலிருந்து "மே... கேப்டன், மே..." என்று கேட்கும்.

அவள் அர்கிரோவை எல்லா இடத்திலும் பிளாக் செய்தாள். போனில், படப் பக்கங்களில், பேச்சுக் குழுக்களில், ஒன்று விடாமல். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகஸ்டு முழுக்க அந்தப் பெண்ணின் காலில் கடல்தண்ணீர் படவில்லை.

செப்டம்பரில் அவளுடைய பெயர் நாள், அவள் பெயர்கொண்ட புனிதரின் திருநாள், வந்தது. மறுநாள் பள்ளி திறப்பு. பாதிரியார் துளசிக் கொத்தால் புனித நீர் தெளிக்க, எல்லாப் பிள்ளைகளும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும்.

"நான் போகமாட்டேன்," என்றாள் எவாந்தியா. "ஏதென்ஸ்ல சித்தி வீட்டுக்கு அனுப்பிடு. அங்கேயே படிக்கிறேன்."

"உங்கப்பா கடல்ல, நீ ஏதென்ஸ்ல. நான் யாருக்குடி சமைக்கிறது, சுவத்துக்கா?"

"நாளைக்குக் காலைக் கப்பல்ல போறேம்மா."

செவாஸ்தி பெயர் நாளுக்காக அடுப்பில் வைத்திருந்த இனிப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். எங்களில் பெயர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைப்பார்கள், நாங்களாகவே போவோம். எவாந்தியாவை நடுங்க வைத்தது அதுதான். தெருவே படியேறி வந்து, உட்கார்ந்து, தன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்ளும் என்று நினைத்தாள்.

அதைத் தடுக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். போன வருஷம் மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து தீவின் பொதுப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, 'இந்த ஆண்டு கொண்டாடவில்லை, யாரையும் வரவேற்கவில்லை' என்று. அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை என்பது அவளுக்கு நினைவிருந்தது. ஏன் போகவில்லை என்பது நினைவில்லை. மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் தன் அண்ணனை அடக்கம் செய்திருந்தார். சாவு விழுந்த வீட்டைத் தவிர வேறு யாரும் எங்கள் ஊரில் அப்படி எழுதுவதில்லை.

அதே கறுப்பு, அதே வெள்ளை. 'பந்தெலிஸின் மகள் எவாந்தியா இந்த ஆண்டு கொண்டாடவில்லை. யாரையும் வரவேற்கவில்லை.' யாரும் கருத்து எழுத முடியாதபடி பூட்டினாள். போனை அணைத்தாள். கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துக்கொண்டாள்.

தெருவில் நாங்கள் அதைப் படித்தோம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? செவாஸ்தியைக் காலையில்தான் எலுமிச்சம்பழக் கடையில் பார்த்தோம். எவாந்தியா எழுதியிருக்கிறாள். மிச்சம் யார்? கடல்மேல் இருப்பவர். கப்பல்காரர்கள் ஊரில் இந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுப் போடுவதில்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டில் முன்பே துக்கம் கேட்டு முடித்திருந்தோம், இது புதுச் சாவு; பேசாமல் போய் அலமாரியிலிருந்து கறுப்பு உடையை எடுத்தோம்.

முதலில் படியேறியவள் மரிகோ. துக்க வீட்டுக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிற கால் அவளுக்கு, கல்யாண வீட்டுக்குத்தான் முழங்கால் வலிக்கும். கையில் பிராந்திப் புட்டி, அக்குளில் வறட்டு ரொட்டிப் பொட்டலம்; எங்கள் ஊரில் துக்க வீட்டுக்குக் கொண்டுபோவது அதுதான். பின்னால் நாங்கள்.

செவாஸ்தி கையில் கரண்டியும் சிரித்த முகமுமாகக் கதவுக்கு வந்தாள். வாசல் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"என் கண்ணே செவாஸ்தி!" மரிகோ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம தனியாவா தாங்குன?"

"எதை?" செவாஸ்தி கரண்டியைக் கீழே இறக்கினாள். "எதைத் தாங்குனேன்? யாரு மரிகோ? யாருக்கு என்ன?"

மரிகோ எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாவம், இவளுக்கே இன்னும் தெரியாதா?

"உக்காரு தங்கம். முதல்ல உக்காரு."

"பந்தெலிஸா?" அவள் குரல் ஒரு நூலளவுக்கு இறங்கிவிட்டது. "கப்பலா? கம்பெனியிலேருந்து உங்களுக்கா சொன்னாங்க?"

அவள் அப்படியே சரிந்தாள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தோம். யாரோ ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி அழுதால் நாங்கள் எல்லோரும் அழுவோம், அது எங்கள் வழக்கம்.

அந்தச் சத்தத்தில்தான் அறைக் கதவு திறந்தது. கலைந்த முடியோடு எவாந்தியா நின்றாள். கறுப்பு உடைகளைப் பார்த்தாள், பிராந்திப் புட்டியைப் பார்த்தாள், தரையில் சாய்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா! என்னாச்சு?"

"உங்கப்பா..." என்றாள் செவாஸ்தி. அதற்குமேல் வரவில்லை.

"அப்பாவுக்கு என்ன? யார் சொன்னது?"

"நீதானேம்மா எழுதியிருந்தே," என்றாள் மரிகோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கறுப்புல. அப்பா பேரைப் போட்டு."

பெண்ணின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "அது... நான் சும்மா... யாரும் வரவேண்டாம்னு..."

எங்களுக்குப் பாதி புரிந்தது, ஆனால் செவாஸ்திக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் கண் ஒரே இடத்தில் நின்றிருந்தது. சொல்லி அவளைத் தேற்ற முடியாது, குரலைக் கேட்டால்தான் உண்டு.

எவாந்தியா ஓடிப்போய்ப் போனை எடுத்து வந்தாள். அதை உயிர்ப்பித்தால் என்னென்ன வந்து விழும் என்று அவளுக்குத் தெரியும். விழுந்தது. கையில் வைத்திருக்க முடியாதபடி அது உதறிக்கொண்டே இருந்தது, நடுநடுவே ஆட்டுப் படம் வேறு மின்னியது. அவள் ஒன்றையும் திறக்காமல் விரலால் தள்ளித் தள்ளி அப்பாவின் பெயரைத் தேடி அழுத்தினாள்.

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஒருவேளை நிஜம்தானோ என்று எனக்கே அப்போதுதான் தோன்றியது.

திரையில் பாதி முகம் நுரையோடு பந்தெலிஸ் தோன்றினார்.

"அடடே, என் பெயர் நாள் பொண்ணு! நூறு வருஷம் இரு கண்ணு! நானே கூப்பிடணும்னு..." கண்ணைச் சுருக்கினார். "பின்னாடி என்ன இத்தனை காக்கா? யாரு செத்தது?"

"நீங்கதான், அப்பா," என்றாள் எவாந்தியா.

"நானா? எப்போ?"

செவாஸ்தி போனைப் பிடுங்கினாள். அழுதாள், திட்டினாள், திரையை முத்தமிட்டாள், மறுபடி திட்டினாள். மரிகோ சிலுவை போட்டுக்கொண்டு பிராந்தியை முதலில் தனக்கே ஊற்றிக்கொண்டாள்.

"மரிகோ," என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது, "என் சாவுக்கு வாங்குன புட்டி. எனக்கும் ஒரு வாய் வை."

"நீ வந்து நிஜமா சாகு, அப்புறம் முழுசா ஊத்துறேன்!"

வீடு அதிரச் சிரித்தோம். தண்ணீர்க் குவளைக்குள் கரண்டியோடு அமிழ்த்திய மஸ்திக் பிசின் இனிப்பைச் செவாஸ்தி எடுத்து வந்தாள்.

அப்போது படியில் யாரோ ஓடி வருகிற சத்தம். அர்கிரோ. ஒரு காலில் செருப்பு, மறுகால் வெறுங்கால். காற்றாலையிலிருந்து எங்கும் நிற்காமல் ஓடி வந்திருக்கிறாள். பிளாக் செய்யப்பட்டவளுக்குச் செய்தி அனுப்ப வழியில்லை, கால்தான் இருந்தது. அழுது வீங்கிய முகத்தோடு வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"எவா, அப்பாவுக்கு... நான் இப்பதான் கேள்விப்பட்டேன்... உள்ள வரலை, இங்கயே நிக்கிறேன்..."

"சாகலைடி. சவரம் பண்ணிக்கிட்டிருக்கார்."

அர்கிரோ வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது அர்கிரோவா?" என்றார் பந்தெலிஸ். "ஏம்மா, ரெண்டு பேரும் எனக்குப் பாட்டு அனுப்பறதா சொன்னீங்களே. எங்கே? கோடை முடிஞ்சுபோச்சு."

செல்லங்களே, அந்த வீடியோவைத் தீவு பார்த்தது, அக்கரை பார்த்தது. யாருக்காக எடுத்தார்களோ அவர் ஒருவர்தான் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் அனுப்பிட்டேன்," என்றாள் அர்கிரோ, தரையைப் பார்த்தபடி. "உங்களுக்குத்தான் அனுப்பலை. அவளைக் கேக்காம அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

எவாந்தியா போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள். பிறகு உள்ளே போய் அந்தத் தொப்பியை எடுத்து வந்தாள். மாட்டிக்கொண்டாள். செவாஸ்தியின் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். எங்கள் எல்லோர் முன்னாலும், கறுப்பு உடையும் இனிப்புக் குவளையுமாக நாங்கள் நிற்க, அப்பாவுக்குப் பாடினாள். அதே இடத்தில் தொண்டை அடைத்தது. நுரை காய்ந்த முகத்தோடு அவர் மிச்சத்தைப் பாடினார். சுருதி சேரவேயில்லை. யாரும் படம் பிடிக்கவில்லை.

"எனக்கு இன்னும் கோவம் போகலை," என்றாள் எவாந்தியா பிறகு, வாசல் பக்கம் திரும்பி.

"தெரியும்."

"கொஞ்ச நாள் இருக்கும்."

"இருக்கட்டும்."

"உள்ள வா. கால்ல ரத்தம் வருது பாரு, லூசு."

ஏதென்ஸ் கப்பல் காலையில் அவள் இல்லாமலே போனது. பள்ளி வாசலில் ஒரு பையன் "மே..." என்று ஆரம்பித்தான். "எங்கப்பாவைச் சாகடிச்சு எழுப்பினவடா நான், உன் ஆட்டுக்குப் பயப்படுவேனா?" என்றாளாம் எவாந்தியா. பக்கத்தில் காலில் கட்டோடு அர்கிரோ நின்றாளாம். நான் பார்க்கவில்லை, மரிகோ சொன்னாள். பாதியையாவது நம்பலாம்.

இனி எழுந்து போங்கள், கண்ணுகளா. உங்கள் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாம் இனிப்புத் தின்னவே வரட்டும். கடல்மேல் போன உங்கள் ஆட்கள் கூப்பிட்ட குரலுக்கு எடுக்கட்டும். உங்கள் பிள்ளைகள் யாரை பிளாக் செய்தாலும், அவர்களுக்காக ஒற்றைச் செருப்போடு ஓடி வர ஒரு ஜீவன் எப்போதும் இருக்கட்டும்.