மற்றதெல்லாம் காலி

வாடிக்கையாளர் பட்டியல் காலியாக வருகிறது என்று காலையிலிருந்து புகார். உள்ளே மலை மாதிரித் தகவல் கிடக்கிறது, திரையில் ஒன்றுமில்லை. கோளாறு என் பாலத்தில்தான். அடியில் ஓடும் நிரலை ஒரு கணினி மொழியில் எழுதுபவர் என் கணவர். வேறு மொழியில் எழுதுகிறவர்களும் அதைப் பயன்படுத்த நடுவில் பாலம் போடுகிறவள் நான். அவர் பக்கமிருந்து வரும் எரர்களை வகை வகையாகப் பொருத்திப் பார்த்து இந்தப் பக்கம் சொல்ல வேண்டும். அனுமதி இல்லை, நேரம் கடந்தது என்று நாலைந்து வகை. கடைசியில், வேறு எது வந்தாலும் வெறும் பட்டியலைக் காட்டும்படி சோம்பேறித்தனமாக ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: மற்றதெல்லாம் காலி. போன வாரம் மனிதர் ‘இணைப்பு அறுந்தது’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? நாங்கள்தான் பேசிக்கொள்வதே இல்லையே!

அவருக்கு வேறு ஊரில் பெரிய வேலை வந்திருக்கிறது. போகட்டுமா என்றார், உங்கள் இஷ்டம் என்றேன். அன்றிலிருந்து ஆளுக்கொரு அறை. தூது போவது எங்கள் மகள், வாயாடி.

அந்தக் கடைசி வரியை அழித்தேன். உடனே நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் சிவப்பில் கத்தியது: ‘இணைப்பு அறுந்தது’ வந்தால் என்ன செய்வது என்று நீ சொல்லவில்லை.

“அம்மா, அந்தப் புது வேலைக்கு இன்னைக்குள்ள பதில் அனுப்பணுமாம். உனக்குச் சம்மதமான்னு அப்பா கேக்குறாரு.”

எனக்குச் சுருக்கென்றது. “போனா போகட்டும், நான் யாரு தடுக்க? அவர் இல்லாட்டி எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதுன்னு இத்தனை வருஷத்துல தெரியலைன்னா, இனிமே சொல்லியா தெரியப்போகுது?”

ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கணீரென்று கேட்டது.

“அம்மா சரின்னுட்டாங்கப்பா.”

அடிப்பாவி!

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“கை, காலுன்னு ஏதோ சொன்னாங்க. அது புரியல, விட்டுட்டேன்.”

அவர் பதில் கடிதத்தைத் தட்டச்சு செய்வது கேட்டது. என் திரையில் சிவப்பு அப்படியே இருக்க, எழுந்து போய் அவர் அறை வாசலில் நின்றேன்.

“என்னங்க.”

விசைப்பலகைச் சத்தம் நின்றது. அவர் திரும்பவில்லை.

“அவ பாதியத்தான் சொன்னா.”

“மீதி என்ன?”

வாயாடி அவசரமாக என் பக்கம் ஓடிவந்தாள். “என்கிட்ட சொல்லும்மா, நான் சொல்றேன்.”

“வேண்டாம்டி. நானே சொல்றேன்.”

கடிதம் அவர் திரையில் முடியாமல் நின்றது. அவர் திரும்பாமலே, பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.