படிக்கட்டு விளக்கு

ஜான்ரோஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த இரண்டு வாரமாக அவ்வளவும் பேட்டரிக் கடைக்காரர்கள் மேல்தான். ரப்பர் மரங்களுக்கு நடுவே மலைச்சரிவில் இருக்கும் அவர் வீடு வரைக்கும் மின்கம்பம் ஏறி வரவில்லை. சோலாரும் இரண்டு பேட்டரியுமே கதி. வாங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை, விடியும் முன்பே இன்வெர்ட்டர் கத்தி ஓய்ந்துவிடுகிறது. ஃபேன் நின்றால் விசிறிக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ் நின்றால் மனைவி ராகேலின் இன்சுலின் கெட்டுப்போகுமே. அந்தப் பயத்தைத்தான் போனில் கோபமாகக் கொட்டியிருந்தார்.

கடையின் மெக்கானிக் ஷெர்லி இரணியலிலிருந்து வந்து படியேறினாள்.

"பழைய சரக்க என் தலையில கெட்டிட்டிய" என்று வரவேற்றார்.

அவள் பேட்டரிகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடிகளைத் திறந்து, கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதவை எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். வலது பேட்டரியில் ஆறு செல்லும் நல்ல தெம்பு. இடதில் ஆறும் சோர்ந்து கிடந்தன.

"ரெண்டும் ஒண்ணாத்தான் சார்ஜ் ஆவுது, ஒண்ணாத்தான் செலவாவுது. ஒண்ணு மட்டும் வாடுதுன்னா, அதுலயிருந்து மட்டும் யாரோ கரண்ட் எடுக்காங்க, அங்கிள்."

தேடியதும் அகப்பட்டது. இடது பேட்டரியிலிருந்து ஒரு மெல்லிய வயர், அரிசிச் சாக்குக்குப் பின்னால் போய், ஜன்னல் வழியாகப் படிக்கட்டின் மேல் ஒரு சின்ன பல்பில் முடிந்தது. ஜான்ரோஸின் முகத்தில் ஈயாடவில்லை. போன கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்ட, ஒரு வாரம்தானே என்று அவரே இழுத்த வயர். ஸ்டாரை அவிழ்த்ததோடு அதை மறந்தே போனார்.

"நான் கழத்தல" என்றாள் ராகேல். "கீழ இருக்க பூங்கனி ரப்பர் பால் வெட்ட இருட்டுலல்லா ஏறி வாறா. நீங்க ஒறங்கின பொறவு போட்டுவைப்பேன்."

திட்ட வாயெடுத்தவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. ஜனவரியில், கண் ஆபரேஷனுக்கு அவர் திருவனந்தபுரத்தில் கிடந்தபோது, சுகர் இறங்கி, விடியாத இருட்டில் ராகேல் அந்தப் படியில்தான் விழுந்தாள். பூங்கனிதான் பார்த்து, நாக்கில் சர்க்கரை தேய்த்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அதைச் சபையில் எழுந்து நின்று சாட்சியாகவும் சொன்னார். அந்த இருட்டில் அவள் எப்படிப் பார்த்தாள் என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை.

கண் நிறைந்துவிட்டது. "மோளே, தப்பு எங்கிட்டதான். கடையில சொல்லீரு" என்றார்.

"கெட்டுப்போகல அங்கிள். இத ரெண்டு நாள் தனியா சார்ஜ் ஏத்தினா தேறிரும். ஆனா அதுவரைக்கும் ஒரு பேட்டரிய வச்சு ஃப்ரிட்ஜ் ஓடாது."

தோட்டத்திலிருந்து வந்து பால் வாளியை இறக்கிவைத்த பூங்கனி அதைக் கேட்டாள். "எங்க வீட்டுல கரண்டு இருக்குல்லா. மருந்த எங்க ஃப்ரிட்ஜுல வைப்போம், அக்கா. நேரத்துக்கு நானே கொண்டு வாறேன்."

மருந்துப் பெட்டியை ஜான்ரோஸ் யாரிடமும் தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார். பாதிப் படியில், பாறை வளைவில் நின்று திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து பல்பு தெரியவில்லை.

"இங்க எப்பிடி வருவ?"

"தடவித்தான், அண்ணே."

அவர் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஷெர்லி, வெளக்க கழத்தாண்டாம். ரெண்டு பேட்டரியிலயும் சமமா எடுக்க வழி பண்ணு. இந்த வளைவுலயும் ஒண்ணு வேணும்."