பொட்டு வைத்த பெட்டிகள்

ஆயுத பூசையன்று காலை பத்து மணிக்குள் என் டோபிக் கடையில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டேன். நான்கு துவைக்கும் மெஷின், இரண்டு காயவைக்கும் மெஷின், ஸ்டீம் இஸ்திரி, துணி நிறுக்கும் தராசு, கல்லாப்பெட்டி, கறை எடுக்கும் மருந்து பாட்டில்கள். ஒன்றையும் விடவில்லை. அப்படியும் கிண்ணத்தில் சந்தனம் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், காய்ந்தால் வீண். கிண்ணத்தைத் துணியால் மூடி, குங்குமச் சிமிழோடு மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். சுங்கை லாலாங்கில் என் கடைக்கும் வீட்டுக்கும் ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

எங்கள் குடும்பத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. சம்பாதித்துக் கொடுக்கும் பொருளுக்கு மட்டும்தான் பொட்டு. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியபோது கத்திக்கு வைப்பார், வாளிக்கு வைப்பார், சைக்கிளுக்கு வைப்பார். ரேடியோவுக்கு வைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். அது என்ன சம்பாதித்தது என்பார். நானும் அதையே பிடித்துக்கொண்டு வந்தவள். மோட்டாருக்கு உண்டு, டிவிக்குக் கிடையாது. பின்னறையில் என் வீட்டுக்காரர் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளுக்கும் இந்த ஐந்து வருடத்தில் நான் வைத்ததில்லை.

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகுதான் கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் தயாளன் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். பூதக்கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் சில்லுகளை வைத்து, ஒரு கீறல், ஒரு தூசி இருந்தாலும் எடுத்து ஓரம் போடுவதுதான் வேலை. ஊரடங்கு போட்ட நோய்க் காலத்தில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். கையில் கொடுத்த நட்டஈட்டுப் பணத்தில் அவரோடு வெளியே வந்தவர்களில் ஒருவர் ஆடு வாங்கினார், ஒருவர் ரொட்டிச் சானாய்க் கடை போட்டார். இவர் பிள்ளைகள் விளையாடும் படச்சீட்டு வாங்கினார். இறக்கை முளைத்த பல்லி, வாள் பிடித்த நரி என்று ஏதேதோ படங்கள். பத்துச் சீட்டு ஒரு பாக்கெட், முப்பத்தாறு பாக்கெட் ஒரு பெட்டி. பெட்டியைச் சுற்றி கம்பெனியிலேயே மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கி ஒட்டி அனுப்புவார்கள். அந்த வரிசையை அச்சடிப்பதை நிறுத்திவிட்டால், பிரிக்காத பெட்டிக்கு வருடத்துக்கு வருடம் விலை ஏறும். பிரித்தால் போச்சு. என் கடையில் மூட்டையைப் பிரித்தால்தான் காசு. இவருக்குப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் காசாம். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் கெடா மாநில வெயிலுக்கு நாங்கள் படுக்கும் அறையில் காற்றாடி. அட்டைப் பெட்டிகளுக்கு ஏர்கோன். மின்சார பில் வரும் நாளில் நான் வாயைத் திறப்பேன், அவர் கதவைச் சாத்திக்கொள்வார். வாங்குவதும் விற்பதுமாகச் சில்லறை லாபம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆரம்பத்தில் வாங்கிய பன்னிரண்டு பெட்டிகளை மட்டும் விற்கவே இல்லை. நானூறு வெள்ளிக்கு வாங்கினது இப்போது இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் கொஞ்சம் பொறு என்பார். பொறுமைக்கும் ஒரு எல்லை வேண்டாமா? திகாம் பத்துவில் லாரி கம்பெனி வைத்திருக்கும் என் அண்ணன் நடராஜா, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் தேடிக்கொண்டிருந்தார். தீபாவளி வரைக்கும் அந்த இடத்தை மச்சானுக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். நான் என் வீட்டுக்காரரிடம் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். தீபாவளிக்குள் பன்னிரண்டும் நல்ல விலைக்குப் போய்விட்டால் அவர் இதையே தொழிலாகச் செய்யலாம், நான் இனி வாயைத் திறக்கமாட்டேன். போகாவிட்டால் அண்ணனிடம் ஸ்டோருக்குப் போக வேண்டும். அவர் சரியென்றார். சொன்ன சொல் மாறாத மனிதர் அவர், அதுவும் எனக்குத் தெரியும். அடுத்த வாரமே மெர்கோங்கில் படச்சீட்டுக் கடை வைத்திருக்கும் சத்தியசீலன் என்ற பையனிடம் பேசி முடித்தார். பூசை முடிந்த சனிக்கிழமை வந்து பார்த்து, பன்னிரண்டையும் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

இதற்கு நடுவில் பீடோங்கில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தைவேலு மாமா இவரைப் பார்த்து, இப்ப என்ன வேலை மாப்பிள்ளை என்று கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே, "சும்மாதான் இருக்கேன் மாமா" என்றார். சொல்லிவிட்டு ரசத்துக்குச் சோற்றில் குழி செய்தார். அந்தச் சொல் என்னுடையது. கோயிலில் கேட்டவர்களுக்கும் போனில் கேட்டவர்களுக்கும் ஐந்து வருடமாக நான் சொல்லிவந்த பதில் அது. அவர் காதில் விழுகிறதே என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் வாயிலிருந்து அதையே கேட்டபோது நான் பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, அவரை நினைத்து இல்லை.

ஆக, ஆயுத பூசையன்று காலை நான் வீட்டுக்கு வந்தபோது அவர் பழமும் கடலையும் வாங்க பீடோங் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று கைகால் கழுவிக்கொண்டு பின்னறைக் கதவைத் திறந்தேன். உள்ளே சில்லென்று இருந்தது. பன்னிரண்டு பெட்டியும் இரும்பு அலமாரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்தன. நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. விபூதி பூசினால் தூள் பறக்கும் என்று அதை விட்டுவிட்டேன். சூடத்தை உள்ளே கொண்டுபோகாமல் வாசற்படியிலிருந்தே காட்டினேன். ஒவ்வொரு பெட்டியின் மேல்பக்கத்திலும் நடுவாகப் பார்த்துச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். வெயிலில் வந்ததில் பன்னீர் பிரிந்து சந்தனம் கொஞ்சம் தண்ணீராகத்தான் இருந்தது. பிளாஸ்டிக்தானே, துடைத்தால் போய்விடும் என்று நினைத்தேன்.

அவர் வந்தார். பூசைக்குக் கூப்பிட்டேன். பின்னறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு அங்கே போய் நின்றார். பழப் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. ரொம்ப நேரம் நின்றார். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நின்றேன், ஏதாவது சொல்லட்டும் என்று. என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லா இருக்கு குணா" என்றார். கண் கலங்கினது மாதிரித் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து வருடச் சண்டையை ஒரு கிண்ணம் சந்தனத்தில் தீர்த்துவிட்டேன் என்று பாயசத்துக்கு முந்திரி இரண்டு பிடி அதிகமாகவே போட்டேன். பூசையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது என்பது வழக்கம். அவர் தொடவில்லை, கதவை மட்டும் மெல்லச் சாத்தினார். மறுநாள் காலையில் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் மதியச் சோற்றுக்குத்தான் வெளியே வந்தார். எல்லாம் போய்விட்டதா என்று கேட்டேன். துடைத்தாகிவிட்டது என்றார்.

சனிக்கிழமை சத்தியசீலன் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது, ஒல்லியான பையன், மரியாதையான பையன். சாப்பாட்டு மேசைமேல் சுத்தமான துவாலையை விரித்து, கையுறை போட்டுக்கொண்டு, சின்ன டார்ச் லைட்டை எடுத்தான். பெட்டியின் ஆறு பக்கத்தையும், மூலைகளையும், தாள் ஒட்டியிருக்கும் விளிம்பையும் வெளிச்சம் அடித்து அடித்துப் பார்த்தான். பெண் பார்க்க வந்தவன்கூட இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கமாட்டான். நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டே சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பெட்டி ஓகே என்றான். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் டார்ச் ஓரிடத்தில் நின்றது. விரலால் தேய்த்துப் பார்த்தான். கையுறையை விரலிலிருந்து இழுத்துவிட்டு மறுபடி தேய்த்தான்.

"அண்ணே, இது மேல இல்லண்ணே. உள்ள இருக்கு."

நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். டார்ச் வெளிச்சத்தில் எனக்கே தெரிந்தது. பிளாஸ்டிக் பளபளவென்று சுத்தமாக இருந்தது. அதற்கு அடியில், அட்டையில், பாசிப்பயறு அளவுக்கு ஒரு சிவப்பு. சுற்றிலும் லேசாக மஞ்சள் ஊறியிருந்தது. சத்தியசீலன் எனக்காகவே சொல்வது மாதிரி விளக்கினான். தாளை இறுக்கும்போது காற்று வெளியே போக வேண்டும் என்று கம்பெனியில் ஊசி முனை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டிருப்பார்களாம். கண்ணுக்குத் தெரியாதாம். ஈரமாக எது பட்டாலும் அது வழியாக இறங்கிவிடுமாம். மிச்சப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான்காவதோடு சேர்த்து ஒன்பதிலும் இறங்கியிருந்தது, முதல் மூன்றில் மட்டும் பொட்டு ஓட்டையில் படாமல் தப்பியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எப்படி ஆனது என்று அவன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"நான்தான் தம்பி. பூசைக்குப் பொட்டு வச்சேன்."

கறை எடுத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். குங்குமக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் பட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு எலுமிச்சை, பிறகு சோப்பு. கல்யாண வேட்டி, பட்டுச் சட்டை, எத்தனையோ வெள்ளைத் துணிகளை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். ஊரில் எனக்குப் பேரே அதனால்தான். இந்தக் கறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தொட வழியில்லை. தாளைக் கிழித்தால் தொடலாம். கிழித்தால் பெட்டியே போச்சு. தட்டை வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

சத்தியசீலன் நியாயமான பையன். மூன்று பெட்டிக்குப் பேசின விலையைக் கொடுத்தான். "மத்தது சேர்த்து வைக்கிறவங்க எடுக்கமாட்டாங்கண்ணே. பிரிச்சு வெளையாடுறவங்களுக்குக் குடுக்கலாம், ஆனா பாதி வெலகூட வராது லா. யோசிச்சு மெசேஜ் பண்ணுங்க" என்றான். அவனை வழியனுப்ப அவர் வாசலில் நின்ற அவன் காடி வரைக்கும் போனார். நான் குளிர்ந்துபோன தேத்தண்ணியைத் தொட்டியில் ஊற்றினேன். அழுகை வந்தது. அழுதால் இன்னும் அவருக்குத்தான் பாரம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டேன். திரும்பி வந்தவர் மேசைமேல் இருந்த ஒன்பது பெட்டிகளை கையின் எண்ணெய்ப் பிசுக்கு படாமல் துவாலையோடு ஓரமாக நகர்த்தினார். அவர் கை அவ்வளவு நிதானமாக இருந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடம் தூசி பார்த்த கண். இவருக்கா அந்த ஓட்டை தெரிந்திருக்காது?

"அந்த ஓட்ட இருக்கிறது உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"அப்ப அன்னிக்கே ஏன் தொடைக்கல? அப்பவே தொடைச்சிருந்தா இவ்ளோ எறங்கியிருக்காதே."

அவர் துவாலையின் ஓரத்தை மடித்தார், பிறகு பிரித்தார்.

"அஞ்சு வருசத்துல அன்னிக்குத்தான் வச்சிருந்த" என்றார். "வச்ச அன்னிக்கே அத எப்படித் தொடைக்கிறது?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் எதிரில் உட்கார்ந்தார். பிறகு, பன்னிரண்டும் போகவில்லை, சொன்னபடி திங்கட்கிழமை திகாம் பத்துவுக்குப் போய்விடுகிறேன், உன் அண்ணனுக்கு நீயே சொல்லிவிடு என்று அமைதியாகச் சொன்னார். கோபமோ சலிப்போ ஒன்றும் இல்லை. பூதக்கண்ணாடிக்கு அடியில் கீறலைப் பார்த்துவிட்டால் சில்லை எடுத்து ஓரம் போடுவார்களே, அப்படித் தன்னையே எடுத்து ஓரம் போட்டுக்கொண்டார். பெட்டிகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

நான் போனை எடுத்துக்கொண்டு வீட்டின் பக்கவாட்டில் துணி காயும் இடத்துக்குப் போனேன். அங்கிருந்து பின்னறை ஜன்னல் தெரியும். அண்ணன் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். ஸ்டோர் உடுப்புக்கு மச்சானுக்குச் சட்டை அளவு என்ன என்றுதான் முதலில் கேட்டார்.

"அண்ணே, ஸ்டோருக்கு வேற ஆளப் பார்த்துக்குங்க" என்றேன்.

"என்னம்மா, எல்லாம் வித்துப் போச்சா?"

"மூணு போச்சு."

"மூணா? அப்ப மிச்சம்?"

ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் என் வீட்டுக்காரர் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். படம் போட்ட பக்கம் வெளியே தெரியும்படிதான் அவர் எப்போதும் அடுக்குவார். இப்போது ஒரு பெட்டியை எடுத்து நிமிர்த்தி, பொட்டு இறங்கிய மேல்பக்கம் வெளியே தெரியும்படி வைத்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்த்தார். கோணலாகப் பட்டிருக்க வேண்டும், விரல் நுனியால் லேசாகத் திருப்பினார். சிவப்புப் பொட்டு நேராக வந்தது. அண்ணன் ஹலோ ஹலோ என்றார். உள்ளே அவர் குனிந்து அடுத்த பெட்டியை எடுத்தார்.